எட்டாவது கூடை

உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்த அன்னக்கொடி, களைந்த கையோடு அப்படியே நின்றாள். வீட்டுக்குப் பின்னால் புஞ்சையிலிருந்து 'ஏழு' என்ற சத்தம் கேட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. 'எட்டு' இன்னும் வரவில்லை.

நல்லகாமன் ஒருநாளும் எட்டுக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. விடிந்ததும் பத்துக் கூடை மண். காய்ச்சலோ கல்யாணமோ, பத்தையும் வெட்டி மேலே கொட்டாமல் கஞ்சியில் கை வைக்கமாட்டான். பேரையூர்ப் பக்கத்துச் சுக்காம்பாறையில் ஒற்றை ஆளாய்க் கிணறு வெட்டப்போகிறேன் என்று அவன் கிளம்பியபோது ஊரே சிரித்தது. ஒன்பது வருஷத்தில் ஆறு ஆள் ஆழம் போயிருந்தது. சிரித்தவர்கள் இப்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறார்கள்.

முதல் மூன்று வருஷம் அவள்தான் மேலே நின்று கயிறு இழுத்தாள். கூடை கைக்கு வந்ததும் எண்ணிக்கையைச் சொல்வாள். அவன் கீழேயிருந்து 'ம்' என்பான். அதன்பிறகு அவனே நிரப்பினான், அவனே ஏறிவந்து இழுத்தான், அவனே எண்ணினான். சத்தமாகத்தான் எண்ணினான். வேண்டாம் என்று நினைத்தாலும் அவள் காதில் விழுந்துவிடும். நாலில் அடுப்புப் பற்றும், எட்டில் அரிசி உலையில் விழும்.

ஈரக் கையோடு ஓடிப்போய்ப் பார்த்தாள். அடியில் சுவரோடு சாய்ந்து, இளைப்பாறுகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டால் நிமிரமாட்டான் என்று பார்த்ததுமே தெரிந்தது. பக்கத்தில் மண் நிரம்பிய கூடை, கயிறு கட்டியபடி இருந்தது.

கொழுந்தன் முத்திருளனும் நாலு ஆட்களும் இறங்கி உடம்பைத் தூக்கிவந்தார்கள். பெண்கள் கூடிக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அன்னக்கொடிக்கு ஒரு பொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஆறு வருஷமாய்ப் புருஷனோடு பேசாதவளுக்கு அழுகை எங்கிருந்து வரும் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அது பொய்யில்லை. சோறு வைத்தாள், வேட்டி துவைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

மகள் தங்கப்பொண்ணு வாந்திபேதியில் போன அன்றைக்கு நின்ற பேச்சு அது. ஏழு வயசுப் பிள்ளையை நடுவீட்டில் கிடத்தியிருக்க, அவன் கடப்பாறையையும் கூடையையும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். அழுகைச் சத்தத்தில் எண்ணிக்கை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரியவேண்டுமா என்ன? உச்சிப்பொழுதில் திரும்பிவந்தவனுக்கு முழங்கை வரை மண்.

"பிள்ள பொணமாக் கெடக்கு. ஒனக்குப் பத்துக் கூட கேக்குதா?" என்று ஊர் பார்க்கக் கத்தினாள். அவன் கை கழுவப் போனான்.

இன்றைக்கும் அவள் காது புஞ்சைப் பக்கமே இருந்தது. வாசலில் கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. அதற்கு நடுவிலும் கடப்பாறை பாறையில் இறங்குவது அவளுக்குக் கேட்டது. திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கிடத்திய உடம்பு கிடத்தியபடியே கிடந்தது. பத்தை முடிக்காமல் இந்த மனுஷன் வீட்டை விட்டுப் போகமாட்டான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

குழி வெட்டுகிற பேயாண்டி வாசலுக்கு வந்து, முத்திருளனிடம் இடம் கேட்டான்.

"அவரு வெட்டுன குழிக்குப் பக்கத்துலயே வெட்டிரவா சாமி?"

முத்திருளன் கண்ணைக் காட்டி அடக்கினான். அதற்குள் அன்னக்கொடி எழுந்துவிட்டாள்.

"எவரு வெட்டுன குழி?"

பேயாண்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தானோ என்னவோ, சொல்லிவிட்டான்.

"பாப்பா குழிதேன் தாயி. என்னைய மம்பட்டியத் தொடவிடல. தகப்பன் கைபட்ட குழின்னு வீட்டுப் பொம்பளைக கிட்டச் சொல்லப்படாது, அதேன் யாரும் சொல்லல."

பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை, தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள். ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் பார்த்த குழியை, பெற்றவள் பார்த்ததில்லை.

"அன்னைக்கு அவரு கெணத்துல எறங்கலையா?"

"எங்கிட்டு எறங்க? விடிஞ்சதுலருந்து அங்கனதேன் இருந்தாரு. பத்துக் கூட மண்ணு தாயி. எண்ணி எண்ணி அள்ளிப் போட்டாரு."

ஆறு வருஷம். ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா அந்த ஆள்? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா அவள்?

உடம்பைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்க, ஆட்கள் குடங்களோடு ஊருணிக்குக் கிளம்பினார்கள். கொட்டுச் சத்தம் தெருவோடு நகர்ந்தது. அவள் பின்வாசல் வழியே நடந்தாள்.

"எங்க போறீக மதினி?" என்று முத்திருளன் பின்னாலேயே வந்தான்.

"வாரேன்" என்றாள். அவன் நின்றுவிட்டான்.

கயிற்றின் தலைப்பு மண்மேட்டில் கிடந்தது. குதிகாலை ஊன்றி இழுத்தாள். ஆறு வருஷம் ஆகியும் கைக்கு மறக்கவில்லை. கூடை சுவரில் இடித்து இடித்து ஏறிவந்தது. இழுத்து மேட்டில் வைத்துவிட்டு, கிணற்றுக்குள் குனிந்தாள்.

"எட்டு" என்றாள்.

ஊருணிப் பக்கமிருந்து கொட்டுச் சத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் கயிற்றை விடவில்லை. கீழே காது கொடுத்தபடி நின்றாள்.