சாக்குக் கழிவு

எண்பத்தேழு செப்டம்பரில், உளுந்தூர்பேட்டையின் பழைய விமான ஓடுதளத்தில் விமானப் பயிற்சிப் பள்ளிக்காரர்கள் ஒரு குட்டி விமானத்தை இறக்கி, "ஒருமுறை பறந்து பாருங்கள்" என்று ஆள் சேர்த்தார்கள். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஒரு பயணி, அவ்வளவுதான் இடம். பாதுகாப்பு விதிகளைக் கண்காணிக்கத் தாலுகா ஆபீஸ் என்னை அனுப்பியது. நான் கண்காணித்த அழகில் மேகங்களே ஒதுங்கி நின்றன. பயணியும் அவர் சாமானும் எழுபத்தைந்து கிலோவைத் தாண்டக் கூடாது. கிளம்பிய இடத்திலேயே இறங்க வேண்டும். ரிஷிவந்தியத்து ராஜாங்கத்தை, ஒரு கிலோ கூடுதல் என்று திருப்பி அனுப்பினேன். அவர் விட்ட சாபத்தில் புல் கருகியது.

மறுநாள் இடஒதுக்கீட்டு மறியல். வழியெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். அன்றைக்குத்தானா அந்த போன் வர வேண்டும்?

கல்வராயன் மலையில் டீச்சராக இருந்த என் தங்கை செந்தமிழ்ச்செல்வியை விரியன் கடித்துவிட்டது. டோலி கட்டிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இறக்கிவிட்டார்கள். அங்கே விஷமுறிவு மருந்து தீர்ந்துவிட்டதாம். டாக்டர் கொடுத்த கெடு இரண்டு மணி நேரம். மரங்களைத் தாண்டித் தாண்டி சைக்கிளில் போனால் நான்கு மணி நேரம்.

உளுந்தூர்பேட்டை ஆஸ்பத்திரியில் மருந்தை வாங்கி, ஐஸ் பெட்டியோடு ஓடுதளத்துக்கு ஓடினேன். விமானம் ஓட்டும் ஜெயசுதா மேடத்தின் காலில் விழாத குறை.

"வேற எடத்துல எறக்கக் கூடாதுன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

"நேத்து சொன்ன வாய்ல மண்ணு, மேடம்!"

"ஏறுங்க. பேப்பர்ல இருக்கிற விதிக்கு நான் பதில் சொல்லிக்கறேன். மொதல்ல எடை."

எடை போடுவது கடலை மண்டி பச்சமுத்து. தராசும் மண்டியிலிருந்து வந்ததுதான். பெட்டியோடு ஏறி நின்றேன். முள் எழுபத்தேழைக் காட்டியது.

"எழுவத்தஞ்சு!" என்றார் பச்சமுத்து.

எனக்கு முள் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

மேடம் எட்டிப் பார்த்தார். "எழுபத்தேழுல்ல காட்டுது?"

"சாக்குக்கு ரெண்டு கிலோ கழிச்சிட்டேங்க."

"மனுஷனுக்கு ஏதுய்யா சாக்கு?"

"மண்டியில மூட்டைக்கு மூட்டை முப்பது வருசமா கழிச்சிக்கினு இருக்கேங்க. நேத்து பறந்த பத்தொம்பது பேருக்கும் கழிச்சேன். ஒருத்தருக்கும் ஓரவஞ்சனை கெடையாது."

மேடத்தின் முகம் வெளுத்தது. "நேத்து அரை டேங்க். இன்னிக்குப் போய்த் திரும்ப ஃபுல் டேங்க். ரெண்டு கிலோ கூட ஏத்த மாட்டேன். அந்தப் புளியமரத்தப் பாருங்க."

ஜில்லாவில் இருந்த மரத்தையெல்லாம் வெட்டியவர்கள், ஓடுதளக் கோடியில் இருந்த அந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்!

சட்டையைக் கழற்றினேன். வேட்டி, வாட்ச், செருப்பு, வாயிலிருந்த வெற்றிலை எல்லாம் போயின. அண்டராயரோடு ஏறினேன். எழுபத்தாறு. என் சதையை அறுத்துப் போடவும் தயாராக இருந்தேன். தராசை விட்டுக் குதித்ததில் பெட்டிக்குள் மருந்துக் குப்பிகள் கிணுகிணுத்தன.

"பெட்டி மட்டும் போனா போதாதா சார்?" என்றார் பச்சமுத்து.

"எனக்கு வழி தெரியாதே," என்றார் மேடம்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. "வெட்டின மரம் ரோட்டுக்குக் குறுக்க வரிசையா கெடக்கும். பாத்துக்கினே போங்க. அது முடியற எடம் கள்ளக்குறிச்சி. எதிர்ல மலை, முன்னாடி காஞ்ச ஏரி. அங்க எறக்குங்க."

என் இருக்கையில் பெட்டியை வைத்து பெல்ட் போட்டேன். புளியமரத்துக்கு மேலே ஒரு ஆள் உயரம் விட்டு விமானம் போனது. பிறகு நான் அண்டராயரோடு நின்ற நேரம் நாற்பது வருஷம் இருக்கும். பச்சமுத்து கடிகாரம் மூன்றே மணி நேரம் என்று சொன்னது. அதிலும் ஏதாவது கழித்திருப்பார்.

விமானம் திரும்பியது. மேடம் இறங்கினார். அண்டராயரோடே எதிரே ஓடினேன்.

"கெளம்பின எடத்துலயே எறங்கிட்டேன், எழுதிக்குங்க," என்றார். "ஊசி போட்டாச்சு. கண்ணத் தொறக்கிற வரைக்கும் இருந்து பாத்துட்டுத்தான் வரேன். அண்ணன் ஏன் வரலைன்னு கேட்டாங்க."

"இன்னா சொன்னீங்க?"

"எடை ஜாஸ்தின்னேன். சிரிக்கப் பாத்தாங்க."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பச்சமுத்து வேட்டியைக் கொண்டுவந்து என் மேல் போர்த்தினார்.