சிவப்பு ஒட்டாத மூன்றாம் பாகம்

மருத்துவமனை மருந்தகத்தில் எனக்கு மூன்றாம் ஜன்னல், அக்காவுக்கு நான்காம் ஜன்னல். கூடப் பிறந்த அக்கா இல்லை. ஏழு வருடம் தோளோடு தோள் உரச நின்று மாத்திரை எண்ணினால் யாராக இருந்தாலும் அக்கா ஆகிவிடுவார்கள். எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம், ஃபேன்டஸி நாவல். டிராகன் வேண்டும், சாபம் வேண்டும், முதல் பக்கத்தில் ஒரு வரைபடமும் வேண்டும். ஐந்நூறு பக்கத்துக்குக் குறைந்த புத்தகத்தைக் கொண்டுபோனால் அக்கா இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன, நோட்டீஸா?" என்பார்.

சும்மா புத்தகத்தைக் கைமாற்றுவதில் என்ன ருசி? மாத்திரை போடும் காகித உறையில் பரிந்துரையை எழுதிப் புத்தகத்துக்குள் சொருகிவிடுவோம். உறையில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் அச்சடித்திருக்கும். அதில் எத்தனை அத்தியாயம் என்று எண் போடுவோம். 'சாப்பிடும்போது வேண்டாம், பூதம் குடலை உருவுகிறது' என்று நான் ஒருமுறை எழுதினேன். ஒரு நாவலின் முதல் நூறு பக்கத்துக்கு அக்கா எழுதியது: 'தூக்கம் வரும். வண்டி ஓட்டக் கூடாது.'

உறையின் அடியில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கோடு இருக்கும். ஒருவர் எடுத்துவைத்த மருந்தை இன்னொருவர் எண்ணிப் பார்த்துவிட்டு அங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பது மருந்தகத்தின் விதி. புத்தகம் என்றால், கடைசிப் பக்கம் வரை படித்தவர்தான் அங்கே கையெழுத்துப் போடலாம் என்பது எங்கள் விதி.

இன்னொரு விதியும் உண்டு. அது அக்கா போட்டது. ஆபத்தான மருந்துகளுக்கு ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கர் சுருளைக் காட்டி ஒருநாள் சொன்னார்: "ராஜா சாகட்டும், டிராகன் சாகட்டும், ஊரே எரியட்டும். குழந்தை செத்தா மட்டும் அட்டையில ஒரு சிவப்பு ஒட்டிடு. நான் தொட மாட்டேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. ரொம்ப நாள் கழித்து, ஒரு சிரப் பாட்டிலில் தேதி பார்த்துக்கொண்டிருந்தவர் தானாகவே, "என் பொண்ணு இருந்திருந்தா இந்த வருஷம் அவளுக்குப் பதினெட்டு" என்றார். பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அதற்குப் பிறகு நான்கு புத்தகங்களுக்குச் சிவப்பு ஒட்டிக் காட்டியிருக்கிறேன். நான்கையும் திறக்காமலே திருப்பித் தந்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் தலைக்கனத்தைக் காட்டினேன்.

மூன்று பாக நாவல் அது. மனிதர்கள் தங்கள் நிழலை விற்றுப் பிழைக்கும் ஒரு நகரம். விற்கப்பட்ட தன் நிழலைத் தேடி, சிறகில்லாத ஒரு டிராகனின் முதுகில் ஏறிக் கிளம்புகிறாள் ஒரு ஏழு வயதுச் சிறுமி. முதல் இரண்டு பாகத்தையும் படித்துவிட்டு அக்காவிடம் கொடுத்தேன். மனுஷி கிறங்கிப்போனார். அந்தச் சிறுமிக்கு 'வாலு' என்று பட்டப்பெயரும் வைத்தாயிற்று. ஜன்னலில் கூட்டம் குறைந்தால் போதும், "வாலு அந்த மந்திரவாதிகிட்ட என்ன பதில் சொன்னா பாத்தியா? எவ்வளவு வாய்!" என்று ஆரம்பித்துவிடுவார்.

மூன்று நாள் விடுப்பில் தங்கை வீட்டுக்குக் கிளம்பும் அன்று கேட்டார். "மூணாவது பாகம் குடு. ரயில்ல படிக்கணும். நீ முடிச்சிட்டல்ல? சிவப்பு ஒண்ணும் இல்லையே?"

நான் நாற்பது பக்கம்தான் படித்திருந்தேன். 'இன்னும் இல்லக்கா' என்று சொன்னால் முடிந்துபோகிற விஷயம். ஆனால் ஏழு வருடமாக நான்தான் முந்திப் படிக்கிறவள், நான்தான் பரிந்துரைக்கிறவள். அந்தப் பவிசை ஒரு நாளைக்குக்கூட விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அதுவுமில்லாமல், கதாநாயகியை, அதுவும் ஏழு வயதுக் குழந்தையை, எந்த எழுத்தாளர் கொல்லப்போகிறார்? நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

"எப்பவோ முடிச்சாச்சு. பயப்படாம படிங்க."

உறையில் 'காலை 2, இரவு 4' என்று எழுதினேன். 'சரிபார்த்தவர்' கோட்டில் சுழித்துச் சுழித்து ஒரு கையெழுத்தும் போட்டேன்.

விடுப்பு முடிந்து வந்த அக்கா புத்தகத்தை என் மேசையில் வைத்தார். முகம் வீங்கியிருந்தது.

"வாலு செத்துட்டா. முந்நூத்திப் பத்தாம் பக்கம்."

அந்தப் பக்கத்தை நான் எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை. ஆனால் வாய் மட்டும் தயாராக இருந்தது. "ஐயையோ, ஸ்டிக்கர் ஒட்ட மறந்தே போயிட்டேன்க்கா!"

"அப்படித்தான் இருக்கும்னு நானும் நெனச்சேன்" என்றார். "அன்னிக்குக் கூட்டம் அப்படி. விடு."

அவ்வளவு சுலபமாக மன்னித்துவிட்டார். நானும் மூச்சுவிட்டேன். பிறகு, மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. அவ செத்துட்டான்னு படிச்சப்போ நான் நம்பவே இல்ல. சிவப்பு இல்லையே, நீ கையெழுத்து போட்டிருக்கியேன்னு நெனச்சேன். மாயாஜாலக் கதைதானே, எப்படியாவது எழுப்பிடுவாங்கன்னு தேடிக்கிட்டே போனேன். அப்புறமும் முந்நூறு பக்கம். கதையில யாராவது கதவைத் தட்டினாக்கூட, வாலுதான் வந்துட்டான்னு..." அட்டைகளை நேராக்கினார். "கடைசிப் பக்கத்துக்கு அப்புறம் வெறும் தாள் ரெண்டு இருக்கும்ல? அதையும் திருப்பிப் பாத்தேன்."

நான்காம் ஜன்னலில் யாரோ சீட்டை நீட்டினார்கள். அக்கா திரும்பிக்கொண்டார்.

நான் கூனிக் குறுகிப்போனேன். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவரை, என் ஒரு சுழிப்பை நம்பி, இன்னொரு பிள்ளைக்காக முந்நூறு பக்கம் காத்திருக்க வைத்திருக்கிறேன். அதற்கு மேல் 'மறந்துட்டேன்' என்று பூசி மெழுகவும் செய்திருக்கிறேன்.

மருந்து மாறிப் போனால் எழுதித் தருவதற்கு எங்களிடம் ஒரு பிழைப் படிவம் உண்டு. மதிய இடைவேளையில் கோப்பிலிருந்து ஒன்றை உருவினேன். பெற்றவர்: நான்காம் ஜன்னல். கொடுத்தது: மூன்றாம் பாகம். காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: மறதி, வேலைப்பளு, சரிபார்க்காமல் கையெழுத்து. முதல் கட்டத்தின் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அதற்கு ஏற்கெனவே மன்னிப்புக் கிடைத்துவிட்டது. படிவத்தைக் கிழித்துப் போட்டிருந்தாலும் யாருக்கும் தெரியாது.

மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தேன். 'நாற்பது பக்கம்தான் படித்திருந்தேன். பெருமைக்காகப் பொய் சொன்னேன். மறந்தேன் என்றதும் பொய். மன்னித்துவிடுங்கள் அக்கா' என்று எழுதினேன். 'ஏற்பட்ட பாதிப்பு' என்ற இடத்தை நிரப்ப எனக்கு யோக்கியதை இல்லை. அதை வெறுமனே விட்டு, படிவத்தை மாத்திரை உறைக்குள் மடித்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

அக்கா நின்றபடியே படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு இன்சுலின் வருது. ஃப்ரிட்ஜ்ல இடம் பண்ணணும்" என்றார். அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு வார்டுக்குப் போக வேண்டிய தட்டை நான் எடுத்துவைத்தேன். விதிப்படி அக்கா அதை மறுபடி எண்ண வேண்டும். ஏழு வருடத்தில் ஒருநாளும் அவர் எண்ணியதில்லை. "நீ எண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்தைப் போட்டுவிடுவார்.

தட்டை நகர்த்தினேன். அக்கா பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், பிறகு திரும்ப மூடி வைத்தார். முதல் அட்டையைக் கையில் எடுத்துப் பெயரைப் படித்தார், தேதியைப் பார்த்தார். ஒவ்வொரு மாத்திரையின் மேலும் விரலை வைத்து எண்ணத் தொடங்கினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

குரலில் கோபமே இல்லை. அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த ஒருத்தியின் தட்டை எண்ணுவதுபோல எண்ணினார். பத்து வந்ததும் அந்த அட்டையை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். தட்டில் பதினான்கு அட்டைகள் இருந்தன. என் ஜன்னலில் ஆள் இல்லை. பதினான்கையும் அவர் எண்ணி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.