இன்று ஜெபம் யார் முறை

எல்மரின் மூக்கை உடைத்தது எங்கள் ஊர்மன்றத்தின் மாதக் கூட்டத்தில், ஊரே பார்க்க. ஜெபம் சொல்லி, தேசிய கீதம் பாடி முடித்த அதே கூரை போட்ட கூடைப்பந்து மைதானத்தில்.

அன்று கபித்தான் லியோன்சியோ ஊர்ச் சேவைகளைப் பற்றி அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார். மன்றத் தலைவரை நாங்கள் கபித்தான் என்றுதான் கூப்பிடுவோம். குழாயில் தண்ணீர் வருகிறது, தெருவிளக்கு எரிகிறது, குப்பை வண்டி தவறாமல் வருகிறது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "நம்ம ஆம்புலன்ஸ் ராத்திரி பகல்னு பாக்காம உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்குது" என்றார்.

கடைசி வரிசையில் எல்மர் எழுந்தான். மோட்டார் சைக்கிளோடு பக்கப்பெட்டி கட்டி வாடகைக்கு ஓட்டுகிறவன். அதற்கு முந்தைய மாதம் அவன் மனைவி ஜோசிக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் கொட்டகை காலியாகக் கிடந்தது. தன் பக்கப்பெட்டியிலேயே அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். பாலம் தாண்டுவதற்குள் அவள் போய்விட்டாள்.

"எங்க நிக்குது கபித்தான்?" என்று கேட்டான் எல்மர். "சேவச் சண்டை நடக்குற எடத்துலயா?"

கபித்தானின் பந்தயச் சேவல்கள் ஆம்புலன்ஸில்தான் போய்வருகின்றன என்பது ஊருக்கே தெரியும். சேவலுக்கு வெயில் ஆகாது, ஆம்புலன்ஸில் ஏசி இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்ததை ஒருவன் மைக்கில்லாமல் சத்தமாகச் சொல்லிவிட்டான், அவ்வளவுதான்.

ஊர்க்காவல் தலைவன் பெர்டிங் கையில் பிரம்போடு போனான். முதல் அடி மூக்கில். எல்மர் நாற்காலிகளோடு சேர்ந்து விழுந்தான். விழுந்தவனின் முதுகில், விலாவில், முழங்காலில் என்று பெர்டிங் இடம் பார்த்து அடித்தான். ரத்தம் மைதானத்தின் மூன்று புள்ளிக் கோடு வரை ஓடியது. கபித்தான் பக்கத்தைப் புரட்டி, "அடுத்து, நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி" என்று வாசித்தார். மன்றச் செயலாளர் நான், அவருக்குப் பக்கத்து நாற்காலி. அந்தக் காகிதத்தைப் பிடுங்கி அவர் வாயில் திணிக்க என் கை துடித்தது.

அப்போதுதான் என் அண்ணன் நார்சிசோ எழுந்தார். அவர் மன்ற உறுப்பினர்.

"வெளியாள் கேட்டா அடிக்கிறீங்க. உறுப்பினர் கேட்டா பதில் சொல்லியே ஆகணும், அது சட்டம். ஆம்புலன்ஸ் எங்க போச்சு? அடுத்த கூட்டத்துல இது என் கேள்வி. வில்மா, எழுதிக்கோ."

எழுதினேன்.

அந்த வாரமே அண்ணன் வீட்டு வேலியில் அவருடைய நாயைத் தொங்கவிட்டிருந்தார்கள். நாக்கை அறுத்திருந்தார்கள். நானும் அண்ணியும்தான் அவிழ்த்துப் புதைத்தோம்.

"இதோட விட்டுடுண்ணே. மூணு புள்ளைய வச்சிருக்க."

"ஜோசிக்கும் ஒரு புள்ள இருக்கு வில்மா. தாயில்லாம."

"நீ செத்தா ஜோசி திரும்பி வந்துடுவாளா? மரமண்டை!"

"நாய் செத்ததுக்கே இந்தக் கத்து கத்துற. நான் செத்தா ஊரு தாங்காது போல" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் கபித்தான் படகேறி அடுத்த தீவுக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நேரத்தில் எஜமான் மனதைக் குளிரவைக்க நினைத்தான் பெர்டிங். மீன் சந்தைக்குப் பின்னால் என் அண்ணனை மறித்தான். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, படகுத் துடுப்பால் வாயிலேயே அடித்தான். "கேளுடா கேள்வி, இப்பக் கேளு" என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னானாம். தாடை உடைந்தது. கீழுதடு கிழிந்து தொங்கியது. மீன் செதிலுக்கு நடுவே கிடந்த பற்களை மீன்காரி ஒருத்தி பொறுக்கி இலையில் மடித்து எடுத்துவந்து கொடுத்தாள். அதை வாங்கி என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் ஞாயிறு பிற்பகல், தாடையைத் துணியால் கட்டிக்கொண்டு அண்ணன் கூட்டத்துக்கு வந்துவிட்டார். பேச வராது. கேள்வியை என் கையில் தந்து, நீ வாசி என்று சைகை காட்டினார். மைதானம் நிறைந்திருந்தது. கூட்டம் முடிந்ததும் அரிசி மூட்டைக் குலுக்கல் உண்டு, ஆனால் அன்று வந்தவர்கள் அரிசிக்காக வரவில்லை. எல்மர் தன் வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். மூக்கில் இன்னும் கட்டு.

கபித்தான் கடைசி நிமிடத்தில் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. மேடையேறி மணியடித்தார்.

"கூட்டம் ஆரம்பம். எல்லாரும் எந்திரிங்க. ஆரம்ப ஜெபம், இன்னிக்கு உறுப்பினர் நார்சிசோ முறை."

எங்கள் மன்றத்தில் ஜெபம் சொல்வது முறை வைத்துத்தான். எந்தக் கூட்டத்தில் யார் முறை என்று வாசல் பலகையில் நான்தான் எழுதிப்போடுவேன். அந்தச் சாலையில் போகிற யாரும் படிக்கலாம்.

அண்ணன் எழுந்து தன் வாயைத் தொட்டுக்காட்டித் தலையாட்டினார். அப்போதுதான் கபித்தான் அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது.

"யார் செஞ்சது இது?" என்றார். பெர்டிங் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். கபித்தான் நடிக்கிறான் பாவி என்று நினைத்தேன்.

"அண்ணனால முடியலேன்னா நான் சொல்றேன்" என்று ஜெரிக் எழுந்தான். கபித்தானின் ஒரே மகன், இளைஞர் பிரிவுத் தலைவன் என்பதால் அவனும் மன்ற உறுப்பினர். அப்பனின் ஒரு குணமும் ஒட்டாத பிள்ளை. அன்று வரும்போதுகூட, "சாப்பிட்டிருக்க மாட்டீங்க வில்மாக்கா" என்று எனக்குப் பொரித்த வாழைப்பழம் வாங்கிவந்திருந்தான்.

"வேண்டாம்!" என்றார் கபித்தான். "இன்னிக்கு ஜெபமே வேண்டாம். நேரமாச்சு. நேரா அறிக்கைக்குப் போவோம்."

முன்வரிசைப் பெண்கள் பொங்கிவிட்டார்கள்.

"ஜெபம் இல்லாத கூட்டமா? உனக்கென்ன பேய் புடிச்சிருக்கா லியோன்சியோ?"

"சாமிக்கு நேரமில்லையாம்! சேவலுக்கு இருக்கு!"

"அப்ப நார்சிசோவே சொல்லட்டும்" என்று கபித்தான் மேசையைக் குத்தினார். "அவன் முறைதானே? அவன்தான் வரணும். முணுமுணுத்தாப் போதும், மைக் முன்னாடி வந்து நிக்கட்டும்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "வாயை ஒடச்சுப் போட்டுட்டு ஜெபம் சொல்லச் சொல்றியா? நீ மனுஷனா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். கூட்டம் கைதட்டியது. அண்ணன் எதற்கு வம்பு என்று ஓரடி முன்னால் வைத்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

அதற்குள் ஜெரிக் மைக் முன்னால் போய் நின்றுவிட்டான். "விடுங்கப்பா, எனக்கு மனப்பாடமாத் தெரியும்" என்று சிரித்துவிட்டுச் சிலுவை போட்டான். மைதானமே சிலுவை போட்டுத் தலைகுனிந்து கண்ணை மூடியது.

நான் மூடவில்லை. கோபத்தில் எனக்குச் சாமி நினைப்பே இல்லை, கபித்தானையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவரும் கண்ணை மூடவில்லை. கம்பி வேலிக்கு அப்பால் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாக வந்தது. இரண்டு பேர், இரண்டு பேருக்கும் முகம் மறைத்த ஹெல்மெட். பின்னால் இருந்தவன் சட்டைக்குள் கையை விட்டான்.

"ஆண்டவரே, இங்கே கூடியிருக்கிற எங்களுக்கு உண்மை பேசுற தைரியத்தை..."

"அவன் இல்ல!" கபித்தான் அலறினார். "டேய், அவன் இல்லடா! அது என் புள்ள!"

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். அவர் மேசையைத் தள்ளிவிட்டு ஓடினார், நாற்காலியில் கால் இடறி விழுந்தார். ஹெல்மெட்டுக்குள் இருந்தவனுக்கு அது கேட்டிருக்காது. ஜெபம் சொல்கிறவனைச் சுட வேண்டும், எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது சுட வேண்டும், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வேலி வழியாகச் சுட்டான். ஜெரிக் மைக்கைப் பிடித்தபடியே சரிந்தான். விழுந்த பிறகும் ஒரு குண்டு. அவன் மூச்சு வாங்குவது ஒலிபெருக்கியில் மைதானம் முழுக்கக் கேட்டது.

முதலில் ஓடியது என் அண்ணன்தான். தாடையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அந்தப் பையன் வயிற்றில் வைத்து அழுத்தினார். அவர் உதட்டிலிருந்தும் ரத்தம் சொட்டியது.

கபித்தான் தவழ்ந்து வந்தார். "ஆம்புலன்ஸ்!" என்றார். "ஆம்புலன்ஸைக் கூப்புடுங்க! ஆம்புலன்ஸ் எங்க?"

பெர்டிங்கின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "எங்கடா ஆம்புலன்ஸ்?"

"டவுனுக்குப் போயிருக்கு கபித்தான்" என்றான் பெர்டிங். "இன்னிக்கு சேவல் டெர்பி. உங்க செவலைக்கு அஞ்சாவது சண்டை."

வாசலில் எல்மர் வண்டியைக் கிளப்பினான். பக்கப்பெட்டியில் கிடந்த தேங்காய் மூட்டையை உதைத்துத் தள்ளினான்.

"ஏத்துங்க" என்றான். "சீக்கிரம்."

கபித்தான் மகனை மடியில் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் உட்கார்ந்தார். நான் எல்மருக்குப் பின்னால் ஏறி, குனிந்து ஜெரிக்கின் கையைப் பிடித்துக்கொண்டேன். இவன் எனக்கு என்ன கெடுதல் செய்தான், இவன் எதற்குச் சாக வேண்டும் என்று வழியெல்லாம் மனம் அடித்துக்கொண்டது. அந்தச் சாலையின் குழி ஒவ்வொன்றும் எல்மருக்குத் தெரியும், ஒன்றில்கூடச் சக்கரத்தை விடாமல் ஓட்டினான்.

"அப்பா" என்றான் ஜெரிக். குரல் காற்றாகத்தான் வந்தது. "அவன் இல்லன்னீங்களே. அப்ப யாரு?"

"பேசாத சாமி. பேசாத."

"யாருப்பா?"

கபித்தான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நார்சிசோவின் தங்கையை. நானும் பார்த்தேன். மகன் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பாலத்துக்கு வந்தபோது எதிரே சைரன் சத்தம் கேட்டது. விளக்கு சுழல எங்கள் ஊர் ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. வழிவிடவைக்க ஓட்டுநர் தொதோய் எப்போதும் சைரன் போட்டுத்தான் வருவான். கபித்தான் பெட்டிக்கு வெளியே உடம்பை நீட்டி இரண்டு கையையும் ஆட்டினார், தொண்டை கிழியக் கத்தினார். சைரனில் ஒன்றும் கேட்கவில்லை.

தொதோய் கண்ணாடியை இறக்கினான். வேகத்தைக் குறைக்காமல், சிரித்துக்கொண்டே, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். பின்கண்ணாடி வழியே கூண்டும் அதற்குள் செவலைச் சேவலும் தெரிந்தன. ஜெயித்துவிட்டது.