பின் சீட்டின் எடை

வண்டியில் பெரிய கார்புரேட்டர் மாட்டிய அன்று, மீட்டர்க்காரரின் மனைவி மூன்று கிலோ குறைந்தாள். அவள் வேலை பார்த்த சலவைக் கூடத்தில் அழுக்குத் துணி மூட்டைகளை நிறுக்கும் தராசில் அது தெரிந்தது. ஆஸ்பத்திரித் துணி எடைபோட்டுத்தான் உள்ளே வரும், எடைபோட்டுத்தான் வெளியே போகும். வேலை செய்கிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அதே தராசில் ஏறி நின்று ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்வது வழக்கம். முந்தின நாள் இருந்த எடை மறுநாள் இல்லை. தராசில்தான் கோளாறு என்று ஒரு மூட்டையைத் தூக்கி வைத்துப் பார்த்தார்கள். மூட்டை சரியாக இருந்தது. அந்த வருடம் பெட்ரோல் விலை இரண்டு தடவை ஏறியது, சோப்புத்தூள் விலை ஒரு தடவை ஏறியது, இவள் எடை இறங்கியது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் கணவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்தார். எல்லோருக்கும் அவர் மீட்டர்க்காரர்தான். வண்டி நூறு சிசி. கல்யாணத்தின்போதே பழசு, இரண்டு கை மாறி வந்தது. சமதளத்தில் சமர்த்தாக ஓடும். சலவைக் கூடம் இருந்ததோ ஆஸ்பத்திரிக்குப் பின்னால், மேட்டின் உச்சியில். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் ரோடு தலைதூக்கும். அங்கே வந்ததும் வண்டி இரண்டாவது கியரில் திணறி, முதல் கியரில் இருமி, நின்றேவிடும். அவள் இறங்கிக்கொள்வாள். அவர் மட்டும் ஏறிப்போய், மேலே ஹெல்மெட்டைக் கழற்றாமல் காத்திருப்பார். அவள் நடந்து வருவாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு அந்த நடை பிடித்திருந்தது. விடிந்ததிலிருந்து படுக்கிற வரை அவளுக்கென்று இருந்த பொழுது அது ஒன்றுதான். குதிகால் ரோட்டில் அழுந்துவதும், முழங்கால் நோவதும், மேலே போய்ச் சேரும்போது மூச்சு வாங்குவதும் தனக்கே தனக்கு என்று இருக்கும். இதை அவள் அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

மேட்டின் அடியில் ஒரு டயர் கடை உண்டு. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் வாசலில் நாலு பேர் பழைய டயர்களின் மேல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் ஒரு நாள் வாயைத் திறந்தார். "என்ன மீட்டரு, கட்டினவள டெய்லி பாதி வழியிலயே இறக்கி விட்டுர்றியே?" மீட்டர்க்காரருக்கு முகம் சுண்டிப்போனது. "நான் என்ன பண்றது? இவ வெயிட்டு அப்படி. வண்டி மேல தப்பில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்த அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள். அவர் சொன்னதைவிடத் தான் சிரித்ததுதான் அவளுக்கு ரொம்ப நாள் ஆறவில்லை.

பழியை அவள் மேல் போட்டாலும் மானம் போனது போனதுதான். அந்த வாரமே அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார். அவளும் கூடப் போனாள். ஸ்பேனர் என்று பட்டப்பெயர் கொண்ட அந்த மெக்கானிக் செயினை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, இது சின்ன விஷயம் என்றான். பின் சக்கரத்தில் இருக்கும் பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு பல் கூடுதலாக உள்ளதை மாட்டினால் போதும், இரண்டு பேரையும் சுமந்துகொண்டு வண்டி மெதுவாக மேடேறிவிடும். மீட்டர்க்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஸ்பீடு குறையுமா?" கொஞ்சம் குறையும், நேர் ரோட்டில் அறுபதைத் தாண்டாது என்றான் ஸ்பேனர். "அப்ப வேணாம். எஞ்சின்ல ஏதாவது பண்ணு." ஸ்பேனர் கெட்டவன் இல்லை. வாடிக்கையாளர் என்ன கேட்கிறாரோ அதை மாட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கிறவன். ஒரு குடும்பம் கெட அதுவே போதுமானதாக இருந்தது.

கார்புரேட்டருக்குப் பிறகு புது சைலன்சர் வந்தது. அவள் கட்டிலில் படுத்தால் மெத்தை அமுங்குவது நின்றது. புது கிளட்ச் வந்தது. அவள் செருப்பு தேய்வது நின்றது. எஞ்சினைப் பிரித்து வால்வு வேலை பார்த்த வருடம், ஜன்னல் திறந்திருக்கும்போது அவள் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. பார்க்க ஆள் அப்படியே இருந்தாள். சதை வற்றவில்லை, கன்னம் ஒட்டவில்லை, போட்டிருந்த துணி தொளதொளக்கவில்லை. எடை மட்டும் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்றார். தங்கை போனில், "அக்கா, என்னதான் சாப்பிடுற, எனக்கும் சொல்லேன்" என்று நச்சரித்தாள். வண்டிப் பட்டறையிலோ வேறு விதமான பேச்சு. இந்த வண்டி வர வர ஸ்டாண்டு போட முடியாமல் கனக்கிறது, இரண்டு ஆள் பிடித்தால்தான் அசைகிறது என்று ஸ்பேனர் அலுத்துக்கொண்டான். போனது எங்கே போனது என்று அவளுக்கு அன்றே புரிந்துவிட்டது. மீட்டர்க்காரர், நல்ல பார்ட்ஸ் என்றால் கனமாகத்தான் இருக்கும் என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

ஒரு நாள் அவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு அவள் சொல்லிப் பார்த்தாள்.

"ஏங்க, வண்டியில நீங்க ஒண்ணு மாத்துறப்பல்லாம் என் ஒடம்புல ஒண்ணு போகுதுங்க."

"நல்லதுதானே. வண்டிக்கும் நல்லது, ஒனக்கும் நல்லது."

"வெளையாடலங்க. பயமா இருக்கு."

"எல்லாம் ஒனக்காகத்தான் பண்றேன். மேட்டுல நீ இறங்கக் கூடாதுன்னுதான?" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவ எழுந்துபோனார். தனக்காகத்தான் என்று ஒருவர் சொன்ன பிறகு அழுவதற்குக்கூட இடம் இருப்பதில்லை.

அலுவலகத்தில் ஏதோ பயிற்சி என்று அவரை வெளியூருக்கு அனுப்பினார்கள். வண்டி பிரேக் வேலைக்காகப் பட்டறையில் நின்றது. அவள் கடைக்குப் போய், ஸ்பேனர் முன்பு சொன்ன அந்தப் பல்சக்கரத்தைத் தானே கேட்டு வாங்கி, காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய் அவனிடம் நீட்டினாள். அவன் தயங்கினான். பிறகு, வாடிக்கையாளர் வீட்டு ஆள்தானே என்று மாட்டிவிட்டான். மீட்டர்க்காரர் திரும்பி வந்து வண்டியை எடுத்த முதல் நாளே அது இரண்டாவது கியரில், அலட்டிக்கொள்ளாமல், அவளையும் ஏற்றிக்கொண்டு மேடேறியது. அன்று மதியம் தராசு முள் நகர்ந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். மெத்தை அமுங்கியது. மொட்டைமாடியில் துணிக்கொடியைப் பிடிக்காமல் தைரியமாக நடந்தாள். நாற்காலி ஒரு நாள் அவள் உட்கார்ந்ததும் கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்க அவள் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். கூட வேலை பார்த்த இஸ்திரி அக்கா அவள் முதுகில் ஒரு தட்டு தட்டி, "இப்பத்தாண்டி ஆளா இருக்க" என்றாள். கல்யாணமான பிறகு அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

விடுமுறை நாள் ஒன்றில் மீட்டர்க்காரரை நேர் ரோட்டில் அவருடைய ஆபீஸ் கடைநிலை ஊழியர் ஒருவர் ஸ்கூட்டரில் முந்திக்கொண்டு போனார். போகிறபோக்கில் கையும் காட்டினார். அந்தக் கையை மீட்டர்க்காரரால் ஜீரணிக்க முடியவில்லை. நேராகப் பட்டறைக்குப் போய் வண்டியைக் கவிழ்க்காத குறையாகச் சோதித்தார். ஸ்பேனர் உடனே உள்ளதைச் சொல்லிவிட்டான். பல்சக்கரம் கழன்றது. அதைக் காகிதத்தில் சுற்றி வண்டியின் பக்கப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் சத்தம் போடவில்லை. "என் வண்டியில கை வைக்க நீ யாரு?" என்று மட்டும் கேட்டார். பதில் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டது இல்லை அது. மறு வாரம் சிலிண்டரைக் குடைந்து, இருப்பதிலேயே பெரிய பிஸ்டனை இறக்கினார்.

அதோடு அவளிடம் எடை என்று ஒன்றும் மிச்சம் இல்லை. வேலையின்போது ஈரப் படுக்கை விரிப்பு ஒன்றைத் தோளில் போட்டுக்கொள்வாள்; காயக் காய மாற்றிக்கொள்வாள். வீட்டில் ஏப்ரன் பையில் சரளைக் கல் வைத்துக்கொள்வாள். வண்டியில் போகும்போது அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொள்வாள். வண்டி இப்போது மூன்றாவது கியரில் மேடேறியது. டயர் கடைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். மீட்டர்க்காரர் தினமும் அந்த இடத்தில் வேண்டுமென்றே ஹாரன் அடித்தார்.

ஒரு காலை, புது பிளக் போட்டிருப்பதைப் பற்றி அவர் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே மேடேறும்போது, பிடித்திருந்த சட்டையை அவள் விட்டாள். விட்டால் தெரிகிறதா என்று பார்க்கத்தான் விட்டாள். தெரியவில்லை. வண்டி அதே வேகத்தில், அதே பேச்சோடு போய்க்கொண்டிருந்தது. அவள் ரோட்டுக்கு மேலே, தண்ணீர்த் தொட்டியின் உயரத்தில், காற்று தள்ளிய பக்கமாகப் போனாள். சலவைக் கூடத்து மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இஸ்திரி அக்கா கொடிக்கம்பை நீட்டி ஏப்ரன் நாடாவில் கொக்கியை மாட்டி இழுத்து, விரிப்புகளோடு விரிப்பாகக் கொடியில் இரண்டு கிளிப் போட்டு நிறுத்தினாள். கீழே மீட்டர்க்காரர் வாசலில் நிறுத்தி, "இறங்கு" என்றார். இரண்டு தடவை சொன்னார். பிறகு திரும்பிப் பார்த்தார், பிறகு அண்ணாந்து பார்த்தார். கொடியில் அவள் ஆடிக்கொண்டிருந்தாள்.

"எப்படி ஏறிச்சு பாத்தியா?" என்றார்.

"பாத்தேங்க" என்றாள் அவள்.

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போகவில்லை. துணி அடுக்கும் அறையில் மடித்த விரிப்புகளுக்கு அடியில் படுத்துக்கொண்டாள். மேலாளர் அவள் நடக்கும் வழியெல்லாம் சுவரில் கைப்பிடிக் கம்பி அடித்துக்கொடுத்து, மேல் அலமாரி வேலைகளை அவளுக்கே ஒதுக்கிவிட்டார், ஏணி மிச்சம். மீட்டர்க்காரர் கூப்பிட வருவார் என்று கொஞ்ச நாள் வாசலைப் பார்த்தாள். அவர் வரவில்லை. பின் சீட்டில் ஆள் இல்லாததால் வண்டிக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, அதனால் அவருக்கும் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் அவர் புது வண்டி வாங்கினார். பழசைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டார். கடைக்காரர் தராசை இரண்டு முறை தட்டிப் பார்த்தாராம். "நல்ல வெயிட்டு" என்று மீட்டர்க்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

செய்தி சலவைக் கூடத்துக்கு வந்ததும் அவள் கிளம்பினாள். காற்றில் போய்விடாமல் இஸ்திரி அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப்போனாள். இரும்புக் கடைக்காரருக்கு அந்த வண்டி நன்றாக ஞாபகம் இருந்தது. "அதுவா? ஒரு வண்டிக்குள்ள ரெண்டு வண்டி இரும்பு இருந்துச்சும்மா. முந்தாநேத்தே லாரியில போயிருச்சு." எங்கே என்று கேட்டாள். "உருக்கத்தான். கம்பியாகும், கட்டிலாகும், யாரு கண்டா" என்றார். இத்தனை வருடம் ஒரு பிடி சோறு குறையாமல் சாப்பிட்டு, நடந்து, தூக்கி, துவைத்துச் சேர்த்த தன் எடை இரும்பு விலைக்குப் போனதை நினைத்து அவள் அந்தக் கடை வாசலிலேயே அழுதாள். கண்ணீர் மட்டும் கீழே விழுந்தது. கடைக்காரருக்குச் சங்கடமாகிவிட்டது. லாரிக்காரன் தகரம் வேண்டாம் என்று விட்டுப்போன பக்கப் பெட்டி மூலையில் கிடந்தது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பூட்டை நெம்பித் திறந்தார்கள். உள்ளே காகிதத்தில் சுற்றியபடி பல்சக்கரம் இருந்தது. அதை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டாள். கால் தரையில் பட்டது.

பெரிய கனம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவளை நிறுத்திவைக்க அது போதும். மேட்டின் அடியில் ஒரு அறை பிடித்துக்கொண்டு அன்றிலிருந்து தினமும் நடந்தே வேலைக்குப் போகிறாள். ஒரு காலை தண்ணீர்த் தொட்டியருகே புது வண்டி ஒன்று பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது. மீட்டர்க்காரர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார்.

"ஏறிக்கோ. இது நூத்தம்பது சிசி. ரெண்டு பேர அசால்ட்டா இழுக்கும்."

"வேணாங்க, நீங்க போங்க" என்றாள் அவள். "நான் வெயிட்டு."

அவர் கொஞ்ச நேரம் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு நின்றார், பிறகு போய்விட்டார். பல்சக்கரத்தின் பல் ஒன்று தொடையில் உறுத்தியது. அவள் அதைப் பைக்குள் சரிசெய்துகொண்டு நடந்தாள். டயர் கடை வாசலில் இருந்தவர்கள் அவளுக்கு வழிவிட்டுக் கால்களை மடக்கிக்கொண்டார்கள்.