இறால் கொட்டாய்க்கு வந்த கடிதம்

தங்கமணிக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. பசியில்லை. போஸ்ட்மேன் வேலாயுதத்தை நினைத்துத்தான்.

மலேசியாவின் கிள்ளானில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த அவர்களின் பலகை வீட்டு வரிசையை அடுத்த மாதம் இடிக்கப் போகிறார்கள். மலிவு விலை அடுக்குவீட்டுக்கு எழுதிப் போட்ட மற்றவர்களுக்கெல்லாம் பதில் வந்துவிட்டது. அவளுக்கு நேற்றுத்தான் வந்தது, ரெஜிஸ்டர் தபாலில். பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி தானே வாங்கி வைப்பதாகச் சொல்லியும் அந்த மனுஷன் கொடுக்கவில்லை. தபால் நிலையத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு சீட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

எப்படிப் போவது? தபால் நிலையம் திறந்திருக்கும் நேரமெல்லாம் அவள் துறைமுகத்துப் பக்கம் ஒரு கொட்டாயில் இறால் உரித்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் வராவிட்டால் மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி குந்தியிருப்பாள். புருஷனோ லோரியில் கால் நசுங்கி வீட்டோடு கிடக்கிறான்; நேற்று போஸ்ட்மேன் கூப்பிட்டபோதும் வாசல்வரை வர முடியவில்லை. வீடு கிடைத்திருந்தாலும், மற்றவர்கள் சொன்னபடி வெள்ளிக்கிழமைக்குள் பதில் போகவில்லையென்றால் அது அடுத்த ஆளுக்கு. இன்று வியாழன்.

மத்தியானம் கொட்டாய் வாசலில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருமிக்கொண்டு நின்றது. காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, வேலாயுதம் இறங்கினார்.

"தங்கமணி அக்கா இங்கதானா? ஒவ்வொரு கொட்டாயா ஏறி இறங்கிட்டு வரேன்."

அவள் எழுந்தாள். இடுப்பு சொன்னபடி கேட்கவில்லை.

"நேத்து ராஜேஸ்வரிகிட்ட குடுத்திருந்தா உங்க கை தேஞ்சா போயிருக்கும்?"

"உங்க வரிசைல மொத்த வீட்டுக்கும் ஒரே நம்பர் அக்கா. பெரியகருப்பன் கடை கரண்டு மீட்டர்லேர்ந்து ஒயர் இழுத்தீங்க, சரி. அட்ரஸுக்கும் கடை நம்பரையே எல்லாரும் எழுதிக் குடுத்துட்டீங்க. இப்ப கடையும் இல்ல. நான் ஒருத்தர் கையில குடுத்து, அது இன்னொருத்தர் வீட்டுக்குப் போயிட்டா? அப்பவும் என்னைத்தானே திட்டுவீங்க."

"இப்பவும்தான் திட்டுறேன்."

"திட்டிக்கிட்டே கையைக் காட்டுங்க லா. ரவுண்டு முடிச்சிட்டு வரேன், இன்னும் சோறு திங்கல."

அவள் கட்டை விரலை நீட்டினாள். பனிக்கட்டியிலும் இறால் ஓட்டிலும் ஊறி வெளுத்து, தோல் உரிந்திருந்தது. மை வைத்து ரசீதில் அழுத்தினால் வழுக்கியது. வேலாயுதம் தன் கைக்குட்டையால் அவள் விரலைத் துடைத்தார், காய்வதற்காகக் காத்திருந்தார், மறுபடி அழுத்தினார். ரேகை விழவில்லை. கறுப்பாக ஒரு திட்டுதான்.

"போதும். ரேகை இருந்தாத்தானே விழும்" என்று பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு உறையைக் கிழித்து மலாய் மொழியில் இருந்ததைப் படித்தார்.

"வீடு கிடைச்சிருச்சு."

தங்கமணி சுவரில் சாய்ந்துகொண்டாள். சந்தோஷம் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. கால் வலித்தது.

"பதில் சீட்டு இருக்கு. இதுலயும் விரலை வைங்க. வீட்டு ஆபீஸ் நான் போற வழிதான், இன்னிக்கே குடுத்துடறேன்." சற்றுத் தயங்கினார். "நாலாவது மாடி அக்கா. லிப்டு கிடையாது. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

புருஷனின் கால் அவள் கண்முன் வந்து நின்றது. அதன்பின் அடுத்த மாதம் வரப்போகும் புல்டோசர்.

"தூக்கிட்டு ஏறுவேன். ரப்பர் எஸ்டேட்ல பால் வாளி தூக்கின தோள்தானே. மையை எடுங்க."

விரலை வைத்துவிட்டு, பையில் ஒரு பிடி இறாலை அள்ளி நீட்டினாள்.

"வேணாங்க்கா. தின்னா உடம்பெல்லாம் தடிச்சிடும். புது வீட்டுப் பக்கம் என் ரவுண்டு இல்ல, வேற ஆள் வருவான். கீழ இருக்கிற தபால் பொட்டில உங்க வீட்டு நம்பரை நல்லா எழுதி ஒட்டுங்க."

மோட்டார் சைக்கிள் மறுபடி இருமிக்கொண்டு போனது. உள்ளேயிருந்து முதலாளி தவுக்கே கத்தினார். தங்கமணி குந்தி உட்கார்ந்தாள். மை இறாலில் படக் கூடாதென்று கட்டை விரலை மடக்கிக்கொண்டு, மீதி விரல்களால் மெதுவாக உரிக்கத் தொடங்கினாள்.