சத்தம் வராத லேப்டாப்

பார்வையில்லாத அக்காவுக்கு லேப்டாப் தேர்ந்தெடுத்தவன் தம்பிதான். கம்ப்யூட்டர் சர்வர்களைப் பராமரிப்பது அவன் தொழில். லினக்ஸ் இயங்குதளம் வேகமாக ஓட வேண்டும், கீழே விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று பிராசஸர், மெமரி, உலோக மூடி எல்லாவற்றையும் அலசி ஆராய்ந்து வாங்கிப் பெருமையாக அவள் கையில் கொடுத்தான்.

அதை எடுத்துக்கொண்டுதான் அவள் மொழிபெயர்ப்பாளர் தேர்வுக்குப் போனாள். பாதித் தேர்வில், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரல் நின்றுபோனது. மேலே எழுத முடியாமல் எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் தம்பி இணையத்தில் தேடினான். அந்த மாடலில் லினக்ஸ் போட்டால் சத்தம் அடிக்கடி நின்றுவிடும் என்று பலர் எழுதியிருந்தார்கள்.

"மத்ததெல்லாம் பார்த்தேன்க்கா. சவுண்டை மட்டும் பார்க்கவே இல்ல," என்றான்.

"கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டியாடா?" என்று அக்கா சிரித்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னுடைய லேப்டாப்பைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். "இது நல்லாப் பேசும். இனிமே இது உனக்கு. பரீட்சை மறுபடி வைப்பாங்களா?"

"அடுத்த வருஷம்தான். விடுடா, எழுதிக்கலாம்."

அவன் முகம் அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டான்.