காணாமல் போன இரண்டு குட்டித் திரைகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராடிவோயே கணினியைத் திறந்தார். அரதப் பழசு. அது விழித்துக்கொள்வதற்குள் ஒரு காபியைக் குடித்து முடித்துவிடலாம். தூரத்து லியுப்லியானா நகரில் இருக்கும் மகள் யாஸ்னாவும் பேத்தியும் திரையில் முகம் காட்டும் நாள் அது. ஆனால் கீழே வலது மூலையில் எப்போதும் கண் சிமிட்டும் இரண்டு குட்டித் திரைகளைக் காணோம். கடிகாரம் இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது. நெட் இருக்கிறது என்று சொல்லும் அந்த ஐகான் மட்டும் இல்லை.

"பிடுங்கிட்டான்" என்றார்.

"யாரு, எதை?" என்று அடுப்படியிலிருந்து மனைவி தேசா கேட்டாள்.

"மேல் வீட்டு ஜிவ்கோதான். நெட் வயரைப் பிடுங்கிட்டான்."

ஜிவ்கோ தன் வீட்டு நெட்டை ஒரு நீல வயரில் பால்கனி வழியாகக் கீழே இறக்கி, இவர்கள் சமையலறை ஜன்னலுக்குள் விட்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் பாதி வீடுகள் இப்படித்தான் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடந்தன.

ராடிவோயேவின் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. தப்பு தன் பக்கம் இருந்ததுதான் காரணம். வியாழக்கிழமை ஜிவ்கோ இடுப்பு ஒடியப் பனியை வாரி, தன் காருக்கு இடம் பண்ணினார். அந்த இடத்தில் இவர் நைசாகத் தன் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். ஜிவ்கோ மண்வாரியை ஊன்றிக்கொண்டு பார்த்தாரே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அந்த ஆள் உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருக்கிறான் என்று இவராக முடிவு கட்டிவிட்டார்.

"முதல்ல யாஸ்னாவைக் கூப்பிட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் தேசா.

"ஐகானே இல்லைங்கறேன், எதை வச்சுக் கூப்பிடறது?"

நேரே படிக்கட்டுக்குப் போய்க் கத்தினார். "டேய் ஜிவ்கோ! கார் நிறுத்தின கோபத்தை என் பேத்திகிட்டயா காட்டறே? நீயெல்லாம் ஒரு மனுசனா?"

மாடிக்கு மாடி கதவு திறந்தது. ஜிவ்கோ வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். எட்டிப் பார்த்த தலைகளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு மேலே போய்விட்டார்.

"பாத்தீங்களா, பதில் இருக்கா அவன்கிட்ட?" என்று ராடிவோயே ஊரைச் சாட்சிக்கு அழைத்தார். அதோடு நின்றிருக்கலாம். உள்ளே போய் நீல வயரைக் கணினியிலிருந்து உருவி, ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். திரும்பிப் பார்த்தால், மூலையில் அந்த இரண்டு குட்டித் திரைகள் வந்து உட்கார்ந்திருந்தன. மேலே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அப்போது போன் அடித்தது.

"ஏன்ப்பா வரல? குட்டி காத்துக்கிட்டிருக்கா" என்றாள் யாஸ்னா.

"ஜிவ்கோ வயரைப் பிடுங்கிட்டான்மா. ஐகானே காணோம். இரு, இப்ப வந்திருக்கு, சிவப்புக் குறியோட."

"வயர் போயிருந்தா அந்தச் சிவப்பு முதல்லயே வந்திருக்கணுமே. இப்ப என்ன பண்ணினீங்க?"

"நான்... உருவிட்டேன்."

"அப்பா, போன வாரம் அந்த ஐகான்லேர்ந்து ஒரு அறிவிப்புக் குமிழி வந்து குட்டி முகத்தை மறைக்குதுன்னு திட்டினீங்களே? எதையோ நோண்டி ஒரு டிக்கை எடுத்துட்டு, 'தொலைஞ்சது சனியன்'னீங்க. தொலைஞ்சது அந்த ஐகான்தான். இனிமே வயர் போனா மட்டும்தான் அது தலைகாட்டும். நெட் அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்திருக்கும்."

ராடிவோயேவுக்குக் காது வரைக்கும் சூடேறியது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"நாளைக்கு அவங்க வீட்டு ஸ்லாவா" என்றாள் தேசா, யாரிடமோ சொல்வதுபோல.

ஸ்லாவா என்கிற குலப் புனிதரின் நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் தாமாக வருவார்கள். வழக்கமாக வருகிற ஆள் வராவிட்டால் உறவு அத்தோடு முடிந்தது என்று அர்த்தம். ஜிவ்கோ வீட்டுக்கு வருடா வருடம் முதல் ஆளாகப் போகிறவர் ராடிவோயே.

காலையில் சமையலறை ஜன்னலைத் திறந்தார். நீல வயர் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கியது. நுனியில் பனி படாமலிருக்க யாரோ பிளாஸ்டிக் பை சுற்றி, நூலால் கட்டியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ. அவரால் அதைத் தொட முடியவில்லை.

ஒயின் பாட்டிலோடு மேலே போனபோது ஜிவ்கோவே கதவைத் திறந்தார். முறைப்படி, சர்க்கரையும் வால்நட்டும் சேர்த்த கோதுமையை நீட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் நெட் பெட்டியில உன் வயரோட விளக்கு நேத்து எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் இறங்கி வந்தேன்" என்றார்.

"சொல்லியிருக்கலாமே ஜிவ்கோ."

"அத்தனை பேர் முன்னாலயா? சாகற வரைக்கும் உன்னை ஓட்டித் தள்ளிடுவாங்க."

ராடிவோயே ஒரு கரண்டிக் கோதுமையை விழுங்கிவிட்டு நுழைந்தார். உள்ளே மேசையைச் சுற்றி நேற்றைய அதே தலைகள். பேசாமல் போய் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ராடிவோயே நின்றபடியே, மேசையிலிருந்த வறுத்த மீனைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நேத்து வயர் நல்லாத்தான் இருந்துச்சு. ஐகானைத் தொலைச்சது நான். ஜிவ்கோ வாரி வச்ச இடத்துல வண்டியைச் சொருகினதும் நான்தான்."

"அப்ப நேத்து அந்தக் கூப்பாடு யாரைப் பாத்துப் போட்டே, கண்ணாடியையா?" என்றது ஒரு குரல். வீடே சிரித்தது. ஜிவ்கோ மட்டும் சிரிக்கவில்லை.

ஸ்லாவா அன்று வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. கடைசி விருந்தாளி கிளம்பும்வரை நின்றுகொண்டேதான் பரிமாற வேண்டும்.

"உட்காரு" என்றார் ஜிவ்கோ.

"நீ நிக்கறப்ப நான் எப்படிடா உட்காருவேன்?"

"இன்னைக்கு நிக்க வேண்டியவன் நான். உட்காரு."

உட்கார்ந்தார். பனி வாரிய இடுப்பை ஒரு கையால் தாங்கிக்கொண்டு குனிந்து, ஜிவ்கோ அவர் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து மீனை வைத்தார்.